சின்ன ஆஸ்பத்திரியை யார் நடத்துறது: நாமளா, பெரிய குரூப்பா, டாக்டர்களா?

இந்தக் கேள்வி நிதானமா இருக்கும்போது எந்த கமிட்டிக்கும் வராதுங்க. மெடிக்கல் சூப்பிரண்டென்ட் திடீர்னு ராஜினாமா குடுத்த வாரத்துல வரும், இல்லன்னா சம்பளம் போட ரெண்டு நாள் லேட் ஆன மாசத்துல வரும். அப்ப யாராவது ஒருத்தர் "பேசாம பெரிய ஆஸ்பத்திரிகிட்ட குடுத்துடலாமே"ன்னு ஆரம்பிப்பார், இன்னொருத்தர் "நம்ம வளர்த்ததை எவனோ எடுத்துக்கறதா"ன்னு எழுந்து நிப்பார், ரெண்டு பேருமே கணக்கு எதுவும் பாத்திருக்க மாட்டாங்க. நான் அப்படி ஒரு 30 படுக்கை ஆஸ்பத்திரியோட கமிட்டில, அதாவது ட்ரஸ்டிங்க போர்டுல, 6 வருஷம் இருந்தேன். டாக்டர் இல்ல, வரவு செலவு பாக்குற ஆள். மக்கள் சேந்து ஆரம்பிச்ச ஒரு சின்ன ஆஸ்பத்திரியை எப்படி எல்லாம் நடத்தலாம், எதுல என்ன மாட்டிக்கும்னு அங்க உக்காந்து பாத்ததை வச்சு சொல்றேன்.

முதல்ல ஒரு கணக்கு, இது புரியாம எந்த ஆப்ஷனையும் ஒப்பிட முடியாது. 30 படுக்கைல சராசரியா 18 பேர் இருக்காங்கன்னு வைங்க. சராசரி 18னா தினமும் 18 இல்ல, நோயாளிங்க சொல்லிட்டு வர்றது இல்லையே, ஒரு நாள் 12 இருக்கும், இன்னொரு நாள் 25 இருக்கும். இந்த ஏத்த இறக்கம் தோராயமா சராசரியோட வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும், அதாவது 18க்கு நாலு பேர் கூடவோ கொறையவோ, கிட்டத்தட்ட கால் பங்கு. அதுவே 180 பேர் இருக்குற பெரிய ஆஸ்பத்திரில 13 பேர்தான், 7 சதவீதம்தான் ஆட்டம். பெரிய எடத்துல ஒரு வார்டு நெறஞ்சா அடுத்த வார்டுலருந்து ஒரு நர்ஸை நகத்திக்கலாம். நம்மகிட்ட நகத்த யாரும் இல்ல. அதனால சின்ன ஆஸ்பத்திரி எப்பவுமே ஒண்ணு ஆள் அதிகமா வச்சு நஷ்டப்படும், இல்ல ஆள் கம்மியா வச்சு பயந்துக்கிட்டே ஓடும். திறமை இல்லாததால நஷ்டம்னு கமிட்டில கத்துறவங்களுக்கு இதை ஒருதடவை பேப்பர்ல போட்டு காட்டணும்.

நர்ஸ் கணக்கும் அப்படித்தான். வாரத்துக்கு 168 மணி நேரம், ஒரு நர்ஸ் 48 மணி நேரம் வேலை பாத்தா ஒரே ஒரு எடத்தை 24 மணி நேரமும் நெரப்ப மூணரை பேர் வேணும், லீவு, உடம்பு சரியில்லாத நாள், ட்ரெயினிங் எல்லாம் சேத்தா நாலரை. ஒரு வார்டுல எப்பவும் ரெண்டு பேர் வேணும்னா 9 பேர் ரோல்ல, அதாவது சம்பளப் பட்டியல்ல, இருக்கணும். "ரெண்டு நர்ஸ் போதாதா"ன்னு கேக்குற ட்ரஸ்டிக்கு 9 சம்பளம்னு சொன்னா முகம் மாறும் பாருங்க.

அடுத்தது பொறுப்பு விஷயம். யார் கைல குடுத்தாலும் "இனிமே அது அவங்க பாடு"ன்னு போர்டு கைய கழுவ முடியாது. இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல சார்ல்ஸ்டன்ங்கிற சின்ன ஊரோட கம்யூனிட்டி ஆஸ்பத்திரில நடந்தது. 1960ல 18 வயசு பையன் ஃபுட்பால் ஆடி கால் ஒடஞ்சு வர்றான், அன்னைக்கு எமர்ஜென்சி டூட்டில இருந்த டாக்டர் மாவுக்கட்டு போடறார். கட்டு இறுக்கமாயி விரல் எல்லாம் வீங்கி கருத்து சில்லுன்னு ஆகுது. எலும்பு ஸ்பெஷலிஸ்ட் யாரையும் கலந்துக்கல. ரெண்டு வாரம் கழிச்சு வேற பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தி, கடைசில முழங்காலுக்கு கீழ காலை எடுக்க வேண்டியதா போச்சு. ஆஸ்பத்திரி தரப்புல, சிகிச்சை டாக்டரோட விஷயம், நாங்க கட்டடமும் நர்ஸும் குடுக்குறவங்கதான்ங்கிற மாதிரி வாதம். 1965ல அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கல. ரத்த ஓட்டம் நிக்குதான்னு நர்ஸ்கள் அடிக்கடி பாத்திருக்கணும், ஆபத்துன்னு தெரிஞ்சா டாக்டர்கிட்ட சொல்லணும், அவர் ஒண்ணும் பண்ணலன்னா நிர்வாகத்துக்கிட்ட சொல்லணும், அப்படி ஒரு ஏற்பாடு இருந்து வேலை செய்யுதான்னு பாக்குறது ஆஸ்பத்திரியோட சொந்தப் பொறுப்புங்கிற எடத்துக்கு வழக்கு வந்து நின்னுச்சு. ஒவ்வொரு நாட்டுலயும் சட்டம் வேற வேறதான், ஆனா நர்ஸ் பாத்தது மேல வரைக்கும் போய் சேருதாங்கிற கேள்வி எங்கயும் ஒண்ணுதான். கீழ வர்ற எல்லா ஆப்ஷனையும் நான் அதை வச்சுத்தான் எடை போடறேன்.

சரி, முதல் ஆப்ஷன், நாமளே நடத்துறது. போர்டு மேல, அதுக்கு கீழ சம்பளத்துக்கு ஒரு முழு நேர அட்மினிஸ்ட்ரேட்டர். இதோட பெரிய பலம் முடிவு பக்கத்துலயே இருக்குறது. ஜெனரேட்டர் பேட்டரி போச்சுன்னா அன்னைக்கே வாங்கலாம், எந்த ஹெட் ஆபீஸ் அப்ரூவலும் வேணாம். ஏழை நோயாளிக்கு எவ்வளவு குறைக்கலாம்னு அங்கயே முடிவு பண்ணலாம். சம்பாதிச்சது வெளிய போகாது. பலவீனம் என்னன்னா அதே பக்கத்துல இருக்குறதுதான். கமிட்டி மெம்பர் நேரா வார்டுக்கு போன் போட்டு "என் மச்சான் வர்றான், தனி ரூம் ஒண்ணு ஒதுக்கி வைம்மா"ம்பார், நர்ஸால முடியாதுன்னு சொல்ல முடியுமா? மருந்து சப்ளை பண்றவர் யாருக்கோ சம்பந்தி. 20 வருஷமா இருக்குற டாக்டருக்கு கை நடுங்க ஆரம்பிச்சிருக்கும், எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயத் தெறக்க மாட்டாங்க, ஏன்னா அவர் இவங்க எல்லாரோட பிள்ளைங்களுக்கும் பிரசவம் பாத்தவர். அட்மினிஸ்ட்ரேட்டர்னு ஒருத்தர் இருப்பார், ஆனா ஒவ்வொரு ட்ரஸ்டியும் அவருக்கு ஒரு முதலாளி. ரெண்டு வருஷத்துல ஓடிப்போயிடுவார்.

இதுல நானே பாத்த ஒரு விஷயம் சொல்றேன். வருஷாந்திர ஸ்டாக் பாக்க ஒரு நாள் சாயங்காலம் கேஷுவால்டிக்கு போனேன். எமர்ஜென்சி ட்ராலி ரெஜிஸ்டரை நர்ஸ் பொண்ணு எடுத்து குடுத்துச்சு, ரொம்ப அழகா இருந்துச்சு, ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் டிக், கையெழுத்து, ஒரு நாள் கூட விடுபடல. அட்ரினலின் 10 ஆம்பூல்னு எழுதியிருந்துச்சு, ட்ரேல எண்ணினா 10 இருந்துச்சு. சும்மா ஒண்ணை எடுத்து கண்ணாடிய போட்டுக்கிட்டு பாத்தேன், எக்ஸ்பைரி ஆகி மூணு மாசம். பத்துல நாலு அப்படி. அந்தப் பொண்ணுக்கு கண்ணு கலங்கிடுச்சு, ஆனா அது மேல தப்பே இல்ல, ரெஜிஸ்டர்ல எண்ணிக்கைக்கு மட்டும்தான் கட்டம் இருந்துச்சு, தேதிக்கு கட்டமே இல்ல. மாசாமாசம் எங்க மீட்டிங்ல "ஸ்டாக் சரிபார்க்கப்பட்டது"ன்னு மினிட்ஸ்ல எழுதி நான்தான் கையெழுத்து போட்டிருக்கேன். அடுத்த நாள் ஸ்கேல் வச்சு ஒரு கோடு போட்டு கூட ஒரு கட்டம் சேத்தாங்க. அவ்வளவுதான் வேலை. ஆனா அதை கேக்கறதுக்கு ஒரு ஆள் அங்க போக வேண்டியிருந்துச்சு, அதுவும் தற்செயலா. நாமளே நடத்துறதுல இருக்குற ஆபத்து எனக்கு அன்னைக்குதான் உறைச்சுது, எல்லாரும் நல்லவங்க, எல்லாரும் தெரிஞ்சவங்க, அதனால யாரும் யாரையும் கேக்கறது இல்ல.

ரெண்டாவது, மேனேஜ்மென்ட் கான்ட்ராக்ட். ஆஸ்பத்திரி நம்ம பேர்லயே இருக்கும், கட்டடமும் நம்மளது, நடத்துறது மட்டும் பெரிய குரூப். ஃபீஸ் வாங்கிக்குவாங்க. இதை ஒரேயடியா கெட்டதுன்னு சொல்றவங்க பேச்சை கேக்காதீங்க, மேல சொன்ன ஏத்த இறக்கக் கணக்குக்கு உண்மையான மருந்து இதுல இருக்கு. பத்து சின்ன ஆஸ்பத்திரிய சேத்து நடத்துறவன் நர்ஸை இங்கருந்து அங்க மாத்தலாம், அனெஸ்தடிஸ்ட் (மயக்க டாக்டர்) லீவு போட்டா இன்னொருத்தரை அனுப்பலாம், மொத்தமா வாங்குறதால க்ளவுஸ்லருந்து எக்ஸ்ரே மெஷின் வரைக்கும் ரேட் கொறையும், இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோலுக்கு எழுதி வச்ச நடைமுறை ரெடியா வரும். 2008ல உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த 19 அம்ச ஆபரேஷன் செக்லிஸ்ட் ஞாபகம் இருக்கா? 8 நகரங்கள்ல 8 ஆஸ்பத்திரில முயற்சி பண்ணி 2009ல வெளியிட்டாங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் இறப்பு 1.5 சதவீதத்துலருந்து 0.8க்கு வந்துச்சு. ஒரு பக்க பேப்பர். எங்க ஓ.டில (ஆபரேஷன் தியேட்டர்) அதை சுவத்துல ஒட்டி வச்சிருந்தோம், யாரும் படிக்கல. படிக்க வைக்கிற ஒழுங்கு ஒரு பெரிய அமைப்புகிட்ட இருக்கும், அதுக்கு காசு குடுக்கலாம், தப்பில்ல.

ஆனா கான்ட்ராக்டை படிங்க. வக்கீல் படிச்சிட்டார்னு விடாதீங்க, அவருக்கு ஆஸ்பத்திரி பில்லிங் தெரியாது. எங்களுக்கு வந்த டிராஃப்ட்ல ஃபீஸ் மொத்த வருமானத்துல இத்தனை சதவீதம்னு இருந்துச்சு, சரிதானேன்னு எல்லாரும் தலையாட்டினாங்க. பின்னாடி விளக்கப் பகுதில "வருமானம்"னா என்னன்னு பாத்தா, பில் போட்ட தொகைன்னு இருக்கு, வசூலான தொகைன்னு இல்ல. இன்சூரன்ஸ் க்ளைம் மாசக்கணக்குல நிக்கும், ஒரு பங்கு ரிஜக்ட் ஆகும், பாக்கில கொஞ்சம் தள்ளுபடி ஆகும், வராத காசுக்கும் நாம சதவீதம் கட்டிக்கிட்டே இருக்கணும். இதைவிட முக்கியம், அப்படி இருந்தா அவங்களுக்கு பில்லை பெருசாக்குறதுலதான் அக்கறை இருக்கும், வசூல் பண்றதுல இருக்காது. லாபத்துல பங்குன்னு மாத்தினா அதுல வேற குழி, ரிப்பேரை தள்ளிப்போடுவாங்க, நர்ஸ் எடத்தை காலியா விடுவாங்க, லாபம் தானா வந்துடும். அடிப்படை ஃபீஸ் ஒண்ணு, அதுக்கு மேல தரம், காலி இடம், புகார் இதெல்லாம் பாத்து கொஞ்சம்னு பிரிச்சு எழுதறதுதான் ஓரளவு நியாயம்.

இன்னும் மூணு எடத்துல கவனம் வேணும். சாமான் வாங்குறது அவங்களோட சொந்தக் கம்பெனி மூலமாத்தான்னு இருந்தா, ரேட்டை வெளி ரேட்டோட ஒப்பிட்டு பாக்குற உரிமை நமக்கு இருக்கணும். ரெஃபரல் (வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புற கேஸ்) எங்க போகுதுன்னு மாசாமாசம் லிஸ்ட் வேணும், ஏன்னா காசு கட்டக்கூடிய கேஸ் எல்லாம் அந்த குரூப்போட பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏறிப்போகும், மத்தது நம்மகிட்ட தங்கும், அஞ்சு வருஷம் கழிச்சு "உங்க ஆஸ்பத்திரி நஷ்டம்தாங்க"ம்பாங்க. மூணாவது, பிரியறது. ஆறு மாச நோட்டீஸ்ல வெளிய வர முடியுமா, வந்தா நோயாளிகளோட ரெக்கார்டு நாம திறந்து படிக்கிற மாதிரி கைக்கு வருமா, இல்ல அவங்க சாஃப்ட்வேருக்குள்ளயே பூட்டிக்கிடக்குமா? நர்ஸ் எல்லாம் யார் ரோல்ல இருக்காங்க? அவங்க ரோல்னா கான்ட்ராக்ட் முடியற அன்னைக்கு கட்டடமும் கட்டிலும் மட்டும்தான் நமக்கு மிச்சம்.

டாக்டர்கள்கிட்ட குடுக்குறது மூணாவது ஆப்ஷன். மூணு நாலு டாக்டர் சேந்து பொறுப்பு எடுத்துக்குவாங்க, வாடகை மாதிரி ட்ரஸ்டுக்கு ஒரு தொகை. ராத்திரி கூப்பிட்டா வருவாங்க, அவங்க காசு உள்ள இருக்கே. எந்த மெஷின் வேணும் எது வேணாம்னு நம்மளவிட நல்லா தெரியும். எனக்கு இதுல பிடிச்சதே அதுதான். ஆனா அவங்களை யார் கேக்கறது? டெஸ்ட் எழுதுறவரும் லேப் லாபம் எடுக்குறவரும் ஒரே ஆள்னா எவ்வளவு நல்லவரா இருந்தாலும் பேனா கொஞ்சம் சாயும். இன்னொண்ணு, எல்லா ஆபரேஷனையும் இங்கயே பண்ணணும்னு ஒரு ஆசை வரும். 1979லயே லஃப்ட், பங்க்கர், என்தோவன்னு மூணு பேர் அமெரிக்க ஆஸ்பத்திரிகளோட கணக்கை எடுத்து, சிக்கலான சில ஆபரேஷன்கள் அதிகமா நடக்குற எடத்துல இறப்பு கம்மின்னு காட்டினாங்க, அதுக்கப்புறம் எத்தனையோ ஆய்வு அதையே சொல்லியாச்சு. வருஷத்துக்கு ரெண்டு தடவை பண்ற பெரிய ஆபரேஷனை நம்ம ஓ.டில பண்ணக்கூடாதுன்னு சொல்றதுக்கு டாக்டர் இல்லாத ஒரு ஆள் மேல இருக்கணும், இந்த ஆப்ஷன்ல அந்த ஆள் இருக்க மாட்டார். அப்புறம் அந்த நாலு பேருக்குள்ள சண்டை வந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேணாம்.

மொத்தமா எழுதிக் குடுத்துடுறது, அதாவது 30 வருஷ லீஸ் இல்லன்னா இணைப்பு, இதைப்பத்தி அதிகம் பேச ஒண்ணும் இல்ல. கடன் கழுத்தை நெரிச்சு வேற வழியே இல்லன்னா பண்ணலாம். எமர்ஜென்சிய இத்தனை வருஷம் மூடக்கூடாதுன்னு எழுத்துல வாங்கிக்கோங்க, மீறினா என்ன ஆகும்னும் எழுதுங்க, வெறும் "முயற்சி செய்யப்படும்"ங்கிற வார்த்தைய நம்பாதீங்க.

யாரும் வாயால சொல்ல விரும்பாத ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, சுருக்கிக்கிறது. எல்லாம் வச்சிருக்கணும்ங்கிற கௌரவத்தை விட்டுட்டு எதை நல்லா செய்ய முடியுமோ அதை மட்டும் வச்சுக்கிறது. அமெரிக்காவுல 1997லருந்து இதுக்குன்னு ஒரு வகையே இருக்கு, 25 படுக்கைக்கு மேல கூடாது, நோயாளி சராசரியா 96 மணி நேரத்துக்குள்ள வீட்டுக்கோ பெரிய எடத்துக்கோ போயிடணும், அதுக்கு பதிலா அரசு காப்பீட்டுல பணம் குடுக்குற முறை வேற. 2023லருந்து இன்னும் ஒரு படி கீழ, உள்நோயாளி படுக்கையே இல்லாம எமர்ஜென்சியும் வெளிநோயாளியும் மட்டும் வச்சுக்கிற வகையும் வந்தாச்சு. நம்ம சட்டத்துல அப்படி வகை இருக்கோ இல்லையோ, யோசிக்கிற முறைய எடுத்துக்கலாம். பிரசவ வார்டை பாருங்க. அவசர சிசேரியன்னா முடிவெடுத்து 30 நிமிஷத்துல குழந்தை வெளிய வரணும்ங்கிறது பரவலா வச்சிருக்குற அளவுகோல். அதுக்கு மயக்க டாக்டர், ஓ.டி நர்ஸ், ரத்தம், குழந்தை டாக்டர் இந்த நாலும் ராத்திரி 2 மணிக்கு கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். பகல்ல இருக்கு ராத்திரி இல்லன்னா அது வார்டு இல்ல, சூதாட்டம். மூடிட்டு, முன்கூட்டியே பரிசோதனை பாத்து, ரிஸ்க் உள்ளவங்களை நேரத்தோட அனுப்பி, ஆம்புலன்ஸ் ஒண்ணை எப்பவும் தயாரா வச்சிருந்தா அதுவே பெரிய சேவை. தூரம் ரொம்ப அதிகம்னா மூடறதும் ஆபத்துதான், அப்ப வேற வழி இல்ல, செலவு பண்ணி நாலையும் வச்சே ஆகணும். அரைகுறைதான் கூடாதுங்கறேன்.

இப்ப பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா, ராத்திரி 2 மணிக்கு யார் வருவாங்கங்கிற கேள்வில டாக்டர்கள் ஆப்ஷன் முன்னால நிக்கும், கான்ட்ராக்ட் ரெண்டாவது, நாமளே நடத்துறது ஆளைப் பொறுத்தது. நர்ஸ் பாத்தது மேல போய் சேருமாங்கிறதுல கான்ட்ராக்ட் பேப்பர்ல ஜெயிக்கும், ஆனா அந்த மேலங்கிறது வேற எங்கயோ இருக்குற ஆபீஸ், நம்ம போர்டுக்கு வராமலே நின்னுடலாம். டாக்டர்கள்கிட்ட அந்த வழி ரொம்ப பலவீனம், ஏன்னா நர்ஸ் யாரைப்பத்தி சொல்லணுமோ அவரேதான் முதலாளி. காசுல சுருக்கிக்கிறதுதான் சீக்கிரம் மூச்சு விட வைக்கும். முடிவு தப்பாப் போனா திரும்ப எடுக்க முடியுமாங்கிறதுல நாமளே நடத்துறதும் சுருக்கிக்கிறதும் பரவாயில்ல, கான்ட்ராக்ட் எழுதுற விதத்தைப் பொறுத்தது, லீஸ் போனா போனதுதான். எனக்கு இந்த கடைசி கேள்விக்குத்தான் வெயிட்டேஜ் அதிகம், ஏன்னா போர்டுகள் தப்பு பண்ணும், எங்க போர்டும் பண்ணிச்சு.

அதனால என் சாய்வு எந்தப் பக்கம்னா, ஆட்சிய நம்ம கைல வச்சுக்கிட்டு வேலைய துண்டு துண்டா வெளிய வாங்கறது. லேப் ஒருத்தர்கிட்ட, மொத்த கொள்முதல் நாலஞ்சு சின்ன ஆஸ்பத்திரிங்க சேந்து, ஸ்பெஷலிஸ்ட் வாரத்துல ரெண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரிலருந்து, க்ளைம் வேலை அதுல பழக்கப்பட்ட ஆள்கிட்ட. ஒவ்வொண்ணும் தனித்தனி ஒப்பந்தம், ஒண்ணு சரியில்லன்னா அதை மட்டும் மாத்தலாம், குடும்பத்தையே பிரிக்க வேணாம். இதுல அட்மினிஸ்ட்ரேட்டருக்கு வேலை ஜாஸ்தி, அஞ்சு பேரை கட்டி மேய்க்கணும், அதனால அந்த சம்பளத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. கையிருப்பு ஒரு மாச செலவுக்குக் கூட தேறாது, அட்மினிஸ்ட்ரேட்டரும் இல்லன்ற நெலமைல இருந்தா இதெல்லாம் நடக்காது, அப்ப மூணு வருஷத்துக்கு ஒரு கான்ட்ராக்ட் போட்டுக்கிட்டு அதுக்குள்ள நம்ம ஆளை தயார் பண்றதுதான் உத்தமம்.

எதை எடுத்தாலும் போர்டுக்கு மாசம் ஒரே ஒரு பக்கம் வரணும். கையிருப்பு எத்தனை நாளைக்கு வரும், 90 நாள் தாண்டி நிக்கிற க்ளைம் எவ்வளவு, நர்ஸ் காலி இடம் எத்தனை, டிஸ்சார்ஜ் ஆகி 72 மணி நேரத்துல திரும்பி வந்தவங்க எத்தனை பேர், வேற எடத்துக்கு அனுப்பினவங்க எத்தனை, ஏன், ஒவ்வொரு இறப்பையும் உக்காந்து அலசியாச்சா. அட்மினிஸ்ட்ரேட்டர் அறைல இல்லாதப்ப நர்சிங் சூப்பிரண்டென்ட் நேரா வந்து போர்டுகிட்ட பத்து நிமிஷம் பேசணும், மாசாமாசம், கதவை சாத்திட்டு. மத்தபடி ட்ரஸ்டிங்க யாரும் வார்டுக்கு போன் பண்ணக்கூடாது. இந்தக் கடைசி விதிக்குத்தான் எங்க கமிட்டில அதிக எதிர்ப்பு வந்துச்சு, ஒப்பந்தத்துக்கு கூட அவ்வளவு வரல.

கடைசில எங்க ஓட்டு 7க்கு 2ன்னு துண்டு துண்டா வாங்கற பக்கம் போச்சு. எதிர்த்த ரெண்டு பேர்ல ஒருத்தர் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், எல்லா டிராஃப்டையும் பென்சிலோட படிச்சிருந்த ஒரே ஆள் அவர்தான். அஞ்சு ஒப்பந்தமும் ஒரே மாசத்துல முடியற மாதிரி போட்டிருக்கீங்களே, அந்த மாசம் அஞ்சு பேரும் சேந்து ரேட் ஏத்தினா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டார். யார்கிட்டயும் பதில் இல்ல. தேதிகளை மூணு மூணு மாசம் தள்ளி மாத்தி எழுதிட்டு அப்புறம்தான் கையெழுத்து போட்டோம், அவர் அப்பவும் எதிர்த்துத்தான் ஓட்டு போட்டார்.